உடைவதும் ஒடிவதும் நொறுங்குவதும்

(சங்கத்தின் ஆண்டு விழாவிலே நிகழ்த்திய பேச்சு)

  

ஆண்டு விழாவிலே பேச வருபவர்கள் பெரிய விடயங்களை எடுத்துப் பேசுவது வழக்கம். நாம் எடுத்துக்கொண்டதோ மிகச் சிறிய விடயம். பீங்கான் கோப்பை, இலாம்புச் சிமினி, முட்டையோடு, காய்ந்த சுள்ளி, பொரித்த அப்பளம் ஆகியவற்றைப் பற்றியே பேசப்போகின்றோம். இவை இலேசில் உடைந்துபோகின்றன. ஏன் உடைகின்றன? உடைவதைக் குறிக்கத் தமிழிலே என்னென்ன சொற்கள் உண்டு? அச்சொற்களை வேறுபிரித்து அறிவதால் நமக்கு ஆகும் பயன் யாது? இம்மூன்று வினாக்களுக்கும் இயன்ற அளவு விடை கூற முயல்வோம்.

நாம் பொறியியல் பயிலும் மாணாக்கர். பள்ளிக்கூடத்திலே தமிழிற் படித்த விஞ்ஞானத்தைப் பல்கலைக்கழகத்திலே ஆங்கிலத்திற் படிக்கின்றோம். இரண்டு மொழிகளுக்கும் நடுவே நிற்கும்போது, முன்பு கவனியாத ஒன்று கண்ணிற் படுகின்றது. நம்முடைய வீட்டிலே ஆச்சியும் அப்புவும் அன்றாடம் வழங்குகின்ற சொற்களுக்குள்ளே எவ்வளவோ விஞ்ஞானம் அடங்கிக் கிடக்கின்றது என்பதே அது.

முதலிலே சொற்களைப் பார்ப்போம். குடம் உடைகின்றது. கொப்பு முறிகின்றது. சுள்ளி ஒடிகின்றது. சீலை கிழிகின்றது. கயிறு அறுகின்றது. விறகு பிளக்கின்றது. கோடை வெயிலிலே வயல் வெடிக்கின்றது. சுவர் இடிகின்றது. சுவரிற் பூசிய சாந்து உதிர்கின்றது. கண்ணாடி நொறுங்குகின்றது. ஒரு செயலுக்கு இத்தனை சொற்களா என்று வியக்கவேண்டியதில்லை. இவை ஒரு செயல் அல்ல, பத்துச் செயல்கள். கயிறு நொறுங்கிற்று என்றோ, கண்ணாடி கிழிந்தது என்றோ மூன்று வயதுக் குழந்தையும் சொல்லாது. எந்தப் பொருள் எவ்வாறு கெடும் என்பதை அக்குழந்தை சொல்லோடு சேர்த்தே கற்றுக்கொண்டது.

இன்னும் சற்று நெருங்கிப் பார்ப்போம். முறிதல் என்பது நீண்டு தடித்த பொருளுக்கு உரியது. எலும்பு முறியும், வண்டில் அச்சு முறியும். ஒடிதல் என்பது மெல்லிய பொருளுக்கு உரியது. முறிந்த கொப்பு ஒரு பக்கத்து நாரிலே தொங்கிக்கொண்டும் நிற்கலாம். நொறுங்கிய பொருளோ அவ்வாறு தொங்காது. ஒரே கணத்திலே பல துண்டுகளாகி நிலத்திலே கிடக்கும். இவற்றை விட வேறொரு கூட்டம் சொற்களும் உண்டு. மரம் உக்குகின்றது, வளை உளுக்கின்றது, இரும்பு துருவேறுகின்றது, பழஞ்சீலை இற்றுப்போகின்றது. இவை ஒரு கணத்திலே நடப்பன அல்ல. வெளியே முழுமையாகத் தோன்றும்போதே உள்ளே நடந்துகொண்டிருப்பன.

கோயிலிலே இதற்கு நல்ல உதாரணம் உண்டு. அருச்சனைக்குத் தேங்காய் உடைக்கின்றோம். கத்தியின் புறத்தால் நடுவிலே சுற்றித் தட்டினால் இரண்டு பாதியாகப் பிரிகின்றது. அதே தேங்காயைப் பிள்ளையார் வாசலிலே சிதறுகாயாக ஓங்கி அடித்தால் நொறுங்கிச் சிதறுகின்றது. சிரட்டை ஒன்றுதான். விசை செல்லும் வழி வேறாகும்போது வினையும் வேறாகின்றது. அதற்கேற்பச் சொல்லையும் வேறாக்கிக்கொண்டனர் நம்முன்னோர்.

‘ஓடு’ என்னும் பெயர்ச்சொல்லையும் பாருங்கள். கூரை ஓடு, முட்டை ஓடு, நண்டு ஓடு, ஆமை ஓடு, மண்டை ஓடு என்கின்றோம். ஒன்று சூளையிலே சுட்டது. ஏனையவை உயிர்களிலே வளர்ந்தவை. ஆயினும் இவற்றிற்குப் பொதுவான குணம் ஒன்று உண்டு. யாவும் வெளியே வன்மையாக இருந்து உள்ளேயிருப்பதைக் காக்கின்றன. யாவும் அடிபட்டால் வளையாமல் உடைகின்றன. ஒரு சொல்லின் கீழ் இவற்றையெல்லாம் தொகுத்தவன் பொருளின் குணத்தை அறிந்தே தொகுத்திருக்கவேண்டும்.

இச்சொற்களைத் தேடித் தொகுத்து அச்சேற்றியவர்களையும் இங்கு நினைத்துக்கொள்வது கடமையாகும். மானிப்பாய் அகராதி எனப் பெயர்பெற்ற தமிழகராதி 1842-ஆம் ஆண்டிலே வெளிவந்தது. வின்சுலோ பாதிரியாரின் தமிழ் ஆங்கில அகராதி 1862-ஆம் ஆண்டிலே வெளிவந்தது. மானிப்பாயிலே மருத்துவம் புரிந்த சாமுவேல் கிறீன் என்னும் அமெரிக்க வைத்தியர் 1860-களிலே மேலைநாட்டு மருத்துவத்தைத் தமிழிலேயே மாணவர்க்குக் கற்பித்தார். அதற்கு வேண்டிய நூல்களையும் தமிழிலே ஆக்குவித்தார். நாம் மிஷன் பாடசாலையிலே படித்தவர்கள். இப்பெயர்களைக் கேட்டு வளர்ந்தோம். கடல் கடந்து வந்தவர்களுக்கே தமிழ்ச் சொற்களிலே அவ்வளவு நம்பிக்கை இருந்ததென்றால், நமக்கு எவ்வளவு இருக்கவேண்டும்?

நிற்க. விஞ்ஞானம் இதைப் பற்றி யாது கூறுகின்றது? பாடசாலையிலே உலோகங்களையும் அல்லுலோகங்களையும் படிக்கும்போது, கந்தகம் நொறுங்கும் இயல்புடையது என்று படிக்கின்றோம். செம்பை அடித்தால் தகடாகும். கந்தகக் கட்டியை அடித்தால் தூளாகும். நொறுங்கும் இயல்பு என்பது இதுதான்: ஒரு பொருள் வளையாமலும் நீளாமலும், முன்னறிவிப்பு எதுவும் தராமலும், திடீரென்று உடைதல்.

இங்கே பலர் மயங்குவதுண்டு. நொறுங்குவது பலவீனமான பொருள் என்று எண்ணுகின்றனர். பஞ்சு மிக மெல்லியது, அது நொறுங்குவதில்லை. கண்ணாடி மெல்லிரும்புத் தகட்டையே கீறவல்லது, அது நொறுங்குகின்றது. வைரம் நாமறிந்த இயற்கைப் பொருள்களுள் மிகக் கடினமானது. அதுவும் சம்மட்டியடி பட்டாற் பிளந்துபோகும். ஆகவே கடினம் வேறு, அடி தாங்கும் குணம் வேறு. நொறுங்குதல் என்பது பலமில்லாமை அன்று. இடங்கொடுக்கத் தெரியாத பலம் என்று அதனைச் சொல்லலாம்.

கிளிநொச்சி அறிவியல் நகரிலே யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் பொறியியற் பீடம் இயங்குவதை நீங்கள் அறிவீர்கள். பொறியியல் பயிலும் இடங்களிலெல்லாம் மாணாக்கர் செய்கின்ற சோதனை ஒன்று உண்டு. மெல்லுருக்குக் கோல் ஒன்றை இயந்திரத்திலே பூட்டி இரு பக்கமும் இழுப்பார்கள். அது முதலிற் சற்று நீளும்; பிறகு மேலும் நீளும்; நடுவிலே இடை சிறுக்கும்; கடைசியிலேதான் அறும். பார்த்துக்கொண்டு நிற்பவன் ‘இனி அறப்போகின்றது’ என்று சொல்ல நேரமுண்டு. அடுத்து வார்ப்பிரும்புக் கோலைப் பூட்டி இழுப்பார்கள். ஒரு மாற்றமும் தெரியாது. திடீரென ‘படார்’ என்ற சத்தம் கேட்கும். கோல் இரண்டாகிக் கிடக்கும். உடைந்த துண்டுகளைப் பொருத்திப் பார்த்தால் முன்பிருந்த நீளமே ஏறக்குறைய இருக்கும். உடையும் கணம்வரை அது ஒன்றையும் வெளியே காட்டவில்லை.

இதற்குக் காரணம் என்ன? 1920-ஆம் ஆண்டிலே இங்கிலாந்தில் கிரிபித் என்னும் பொறியியலாளர் இதனை ஆராய்ந்தார். கண்ணாடியின் அணுக்கள் ஒன்றையொன்று பற்றியிருக்கும் வலிமையைக் கணக்கிட்டால், கண்ணாடி மிகப் பெரும் பாரத்தைத் தாங்கவேண்டும். உண்மையிலோ அதிலே ஒரு சிறு பங்கைத்தான் தாங்குகின்றது. கண்ணுக்குத் தெரியாத நுண்ணிய கீறல்களே இதற்குக் காரணம் என்று அவர் காட்டினார். பாரம் முழுவதும் வந்து கீறலின் கூரிய முனையிலே குவிகின்றது, கீறல் ஓடுகின்றது, பொருள் பிளக்கின்றது. கண்ணாடி வெட்டுபவர் செய்வதும் இதுவேயன்றோ? வைர முனையால் ஒரு கோடு கீறுகின்றார், மெல்லத் தட்டுகின்றார், கண்ணாடி கோட்டின் வழியே பிரிகின்றது. உருக்கிலும் கீறல் உண்டு. ஆனால் முனையிலே உருக்குச் சற்று நெகிழ்ந்து இடங்கொடுக்கின்றது. கூரிய முனை மழுங்குகின்றது. கீறல் அங்கேயே நின்றுவிடுகின்றது. நெகிழ்தல் என்னும் குணம்தான் காவலாக நிற்கின்றது.

இதனை அறிய நாம் இங்கிலாந்துக்குப் போகவேண்டியதில்லை. வன்னியிலே நெல் விளைவிக்காத வீடு எது? அறுத்த நெல்லைக் கடும் வெயிலிலே அவசரமாகக் காயவைத்தாலும், காய்ந்த நெல் மீண்டும் ஈரம் பட்டாலும், உமிக்குள்ளே அரிசி மணி கீறல் விடுகின்றது. நெல்லைப் பார்த்தால் ஒரு குறையும் தெரியாது. ஆலையிலே போட்டுக் குற்றும்போதுதான் முழு அரிசியாக வரவேண்டியது குறுணலாக வருகின்றது. தமிழ்நாட்டிலே அதனை நொய் என்பர். ஆலையைக் குறைசொல்லிப் பயனில்லை. அரிசி ஆலைக்கு வருமுன்னரே உடைந்துவிட்டது.

இதற்கு நம்முடைய தாய்மார் அறிந்த மருந்து ஒன்று உண்டு. நெல்லை ஊறவைத்து, அவித்து, மெல்ல உலர்த்துகின்றார்கள். அவிக்கும்போது அரிசியிலுள்ள மாப்பொருள் இளகி, கீறல்களை மூடி, மணியை ஒன்றாக்குகின்றது. அதனாலே புழுங்கலரிசி பச்சையரிசியைக் காட்டிலும் குறைவாகவே உடைகின்றது. கடும் வெயில் கீறிவிட்ட மணியை ஈரமும் இளஞ்சூடும் பொறுமையும் பொருத்திவிடுகின்றன. இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னர் வேண்டியிருக்கும்.

ஒரு பொருள் எப்பொழுதும் ஒரே குணத்தோடு இருப்பதில்லை என்பதும் கவனிக்கத்தக்கது. பனங்கிழங்கைப் பச்சையாகப் பிடித்து வளைத்தால் சற்று வளைகின்றது, நார் விடாது. அதையே கிழித்துக் காயவைத்தால் ஒடியல் ஆகின்றது. ஒடி என்னும் வினை அப்பெயரிலேயே ஒட்டி நிற்கின்றது. கிழங்கு அதே கிழங்குதான். ஈரம் போயிற்று, வளைவும் போயிற்று. கொல்லரைக் கேட்டாலும் இதனையே சொல்வார். கொடுவாக்கத்தியைச் சிவக்கக் காய்ச்சித் தண்ணீரிலே தோய்த்தால் வாய் மிக இறுகுகின்றது. மிக இறுகினால் சில்லுச் சில்லாகப் பெயரும். மிக இளகினால் மடங்கும். ஆகையால் இறுகிய கத்தியை மறுபடியும் மிதமாகச் சூடுகாட்டிப் பதப்படுத்துகின்றார். கூர்மையையும் விடாமல், நொறுங்கவும் விடாமல் இரண்டுக்கும் நடுவே நிறுத்துவதுதான் அவருடைய கைத்திறன்.

இதை மறந்ததனால் பெரிய தேசங்களும் இழப்படைந்தன. இரண்டாம் உலக யுத்தக் காலத்திலே அமெரிக்கா அவசர அவசரமாகக் கப்பல்களைக் கட்டிற்று. செனக்டடி என்னும் புதிய எண்ணெய்க் கப்பல் 1943-ஆம் ஆண்டு சனவரி 16-ஆம் திகதி ஓரிகன் மாகாணத்துத் துறையிலே கட்டப்பட்டு நின்றது. புயலில்லை, அலையில்லை, எதிரியின் குண்டுமில்லை. குளிர்ந்த இரவிலே பெருஞ் சத்தத்தோடு நடுவிலே பிளந்தது. இத்தகைய கப்பல்கள் பிளந்ததன் காரணத்தைக் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்துப் பெண் விஞ்ஞானி கொன்ஸ்டன்ஸ் டிப்பர் ஆராய்ந்து கூறினார். அக்கால உருக்குக் குறிப்பிட்ட குளிருக்குக் கீழே போனதும் தன் நெகிழ்வை இழந்து கண்ணாடியைப் போல நொறுங்கும் இயல்பை அடைகின்றது என்பதே அவர் கண்ட முடிவு. வெயிலிலே வளைந்து தாங்கிய அதே உருக்குக் குளிரிலே தாங்கவில்லை.

அன்பர்களே! இவ்வளவும் சொன்னபின், நம்முடைய பிள்ளைகள் எழுத்துக் கூட்டிப் படிக்கும் மூதுரையை நினைக்காமல் இருக்க முடியுமா? ஔவையார் பொருள்களின் குணத்தை நுணுகி நோக்கியவர். மானமுள்ள மனிதர் பகைவர்முன் பணியமாட்டார் என்பதற்கு அவர் கல்தூணை உவமை காட்டுகின்றார். பெரும்பாரம் ஏற்றினால் கல்தூண் பிளந்து விழுமேயன்றித் தளர்ந்து வளையாது. நொறுங்கும் இயல்புக்கு இதனினும் நல்ல விளக்கம் நம் பாடப்புத்தகத்திலும் இல்லை. வன்னியிலே பிறந்தவர்களுக்கு இவ்விடத்திலே ஒரு பெயர் நினைவுக்கு வரும். பண்டாரவன்னியன் 1803-ஆம் ஆண்டு ஓகஸ்ட் மாதத்திலே முல்லைத்தீவுக் கோட்டையைத் தாக்கிப் பிடித்தான். அவ்வாண்டு ஒக்டோபர் 31-ஆம் திகதி கப்டன் ட்றிபேர்க்கினால் தோற்கடிக்கப்பட்டான் என்று கற்சிலைமடுவிலே ஆங்கிலேயர் கல் நாட்டினர். தோற்றவனைத்தான் நாம் இன்றும் போற்றுகின்றோம். கல்தூணின் பெருமை அத்தகையது.

ஆனால் அதே ஔவையார், அதே நூலிலே, கல்லைப் பற்றி வேறொன்றும் கூறுகின்றார். சினத்தினாலே பிரிந்தவர்கள் மூவகைப்படுவர். கயவருடைய பிரிவு கல் பிளந்தது போன்றது, திரும்ப ஒட்டாது. அவரிலும் மேலானவர்களுடைய பிரிவு பொன் பிளந்தது போன்றது. காய்ச்சி ஒட்டுவார் இருந்தால் ஒட்டும். சான்றோருடைய சினமோ நீரிலே அம்பெய்த வடுப் போன்றது. அம்பு போன கணத்திலே மறைந்துவிடும். பாருங்கள்! ஓரிடத்திலே கல்லைப் போற்றியவர் மற்றோரிடத்திலே கல்லைத் தாழ்த்துகின்றார். முரண்பாடா? இல்லை. பகைவர்முன் கல்லாக நில். உறவினர்முன் பொன்னாகவோ நீராகவோ இரு என்பதே அவருடைய கருத்தென்று நாம் கொள்கின்றோம். நல்வழியிலே இன்னொன்றும் சொன்னார். நாம் அலவாங்கு என்கின்றோமே, அந்த இரும்புப் பாரைக்கு நெகிழாத பாறை, பச்சை மரத்தின் வேருக்கு இடம்விடும் என்றார். வேர் அடிப்பதில்லை, கீறலைத் தேடிச் சென்று மெல்ல வளர்கின்றது.

ஔவையாரோடு ஓர் இடத்திலே மாத்திரம் பணிவோடு வழக்காட விரும்புகின்றோம். பொற்குடம் உடைந்தாலும் பொன்னாகும், மட்குடம் உடைந்தால் என்னாகும் என்று அவர் கேட்கின்றார். பூநகரிக்குப் போய்ப் பார்த்தால் விடை கிடைக்கும். அங்கே பேராசிரியர் ப. புஷ்பரட்ணம் நிகழ்த்திய தொல்லியல் ஆய்விலே பிராமி எழுத்துப் பொறித்த மட்பாண்டத் துண்டுகள் கிடைத்தன. மரம் உக்கிப்போயிற்று, ஏட்டைச் செல் அரித்தது, இரும்பு துருவாயிற்று, பொன்னை உருக்கி வேறு நகையாக்கிவிட்டனர். ஏறக்குறைய இரண்டாயிரம் ஆண்டுகளாக நம்முடைய முன்னோரின் எழுத்தைக் காத்துத் தந்தது உடைந்த ஓடுதான். இலேசில் உடைவது வேறு. இலேசில் அழிவது வேறு. மிஷன் பாடசாலையிலே பவுலின் நிருபம் படித்தபோது மனிதனை மண்பாண்டம் என்று கேட்டோம். வீட்டிலே ஒருவர் காலமானால் கொள்ளிக்குடத்தைத் தோளிலே சுமந்து சுற்றி, துளையிட்டு, ஈற்றிலே உடைப்பதைக் கண்டோம். இரு சமயத்தாரும் உடம்புக்கு ஒரே உவமையைத்தான் தேர்ந்துகொண்டனர்.

இனி, இப்பேச்சை எடுத்ததன் நோக்கத்துக்கு வருவோம். பொருளுக்கு வழங்கும் சொற்களையே தமிழர் மனத்துக்கும் வழங்குகின்றனர். மனமுடைந்தான், ஒடிந்துபோனான், இடிந்துபோய் இருக்கின்றாள், நொறுங்கிவிட்டார், தளர்ந்துவிட்டார், உள்ளுக்குள்ளே உளுத்துப்போனார் என்கின்றோம். ஒவ்வொன்றும் வேறு நிலை. ஒவ்வொன்றுக்கும் மருந்தும் வேறு. தளர்ந்தவருக்கு ஓய்வு போதும். முறிந்தவருக்கு, முறிந்த எலும்புக்குப் போல, அசையாமல் தாங்கிப் பிடிக்கும் கட்டு வேண்டும்; நாளும் செல்லவேண்டும். இடிந்தவருக்கு அருகிலே நிற்கும் மனிதர் வேண்டும். உளுத்தவருக்கோ முதலில் ஒருவர் தட்டிப் பார்க்கவேண்டும். வெளியே பார்த்தால் தெரியாது. ஆனால் இன்று பத்திரிகையிலே ஒரு துயரச் செய்தி வரும்போது, ‘மனமுடைந்து’ என்னும் ஒற்றைச் சொல்லோடு எல்லாம் முடிந்துவிடுகின்றது. குடம் கைதவறி விழுந்ததுபோல அது தோன்றுகின்றது. உண்மையிலே கீறல் எப்போது விழுந்தது? யார் கண்டார்? குறுணலுக்கு ஆலையை நொந்துகொள்வது போலக் கடைசி நாளையே நாம் நொந்துகொள்கின்றோம்.

போர் முடிந்த 2009-ஆம் ஆண்டிலே எங்கள் வயதினர் ஐந்தாறு வயதுச் சிறுவர். எங்களைத் தூக்கிக்கொண்டு நடந்தவர்கள் இச்சபையிலே இருக்கின்றீர்கள். அதன்பின் வீட்டைக் கட்டினீர்கள். காட்டை வெட்டி மீண்டும் வயலாக்கினீர்கள். கடன்பட்டு எங்களைப் படிப்பித்தீர்கள். கல்தூணாக நின்றீர்கள். அதற்கு நாங்கள் என்றும் கடமைப்பட்டவர்கள். ஆயினும் ‘என்ன செய்கின்றது?’ என்று கேட்டால், ‘எனக்கொண்டுமில்லை மோனை’ என்ற ஒரே விடையைத்தான் தருகின்றீர்கள். வார்ப்பிரும்புக் கோலும் கடைசிக் கணம் வரை அதனைத்தான் சொல்லிற்று. உங்கள் பிள்ளைகளும் உங்களைப் பார்த்து அதனையே பழகிக்கொண்டனர். ‘ஆம்பிளைப் பிள்ளை அழக்கூடாது’ என்கின்றோம். ‘கல்லுப்போல இரு’ என்கின்றோம். பரீட்சையிலே தவறினவனும், வேலை கிடையாதவனும், கடனிலே மூழ்கினவளும் முகத்திலே ஒன்றும் காட்டாமல் நடக்கின்றனர். அது பலம் என்று நாம் எண்ணுகின்றோம். அழுதவன் வளைகின்றான், வளைகின்றவனைப் பார்த்து ‘பாரம் கூடிவிட்டது’ என்று நாம் அறிந்து கைகொடுக்கலாம். வளைவது இழிவன்று, அது அறிவிப்பு.

கொங்கிறீற்றைப் பாருங்கள். நசுக்கும் பாரத்தை அது மலைபோலத் தாங்கும். இழுத்தால் இலேசில் வெடித்துவிடும். ஆகவேதான் அதற்குள்ளே உருக்குக் கம்பியை வைத்துக் கட்டுகின்றார்கள். நொறுங்கும் இயல்புள்ளதும் வளையும் இயல்புள்ளதும் ஒன்றையொன்று பற்றிக்கொண்டபோதுதான் தூணும் பாலமும் நிற்கின்றன. கிளிநொச்சியிலே போரின்போது வீழ்ந்த தண்ணீர்த் தாங்கி ஏ-9 வீதியோரத்திலே பல ஆண்டுகள் சரிந்து கிடந்ததைக் கண்டவர்கள் அறிவார்கள். கொங்கிறீற்று உடைந்த இடமெல்லாம் கம்பிகள் வளைந்து வெளியே நீண்டு நின்றன. உடைந்த துண்டுகளை விடாமல் பற்றிக்கொண்டிருந்தவை அக்கம்பிகளே.

இச்சங்கமும் அத்தகையதாக வேண்டும் என்பதே எமது விண்ணப்பம். பெரியோர் கொங்கிறீற்று, இளைஞர் கம்பி என்று கொள்ளுங்கள். சில வேளைகளிலே மாறியும் இருக்கலாம்! சங்கங்கள் பகைவரால் அழிவது அரிது. ஒரு கூட்டத்திலே சொன்ன ஒரு சொல், ஒரு கணக்குப் பற்றிய ஒரு சந்தேகம், அழைப்பிதழிலே விடுபட்ட ஒரு பெயர்: இவ்வளவு நுண்ணிய கீறலிலே தொடங்கி இரண்டாகப் பிளந்த சங்கங்களை நாம் எல்லோரும் அறிவோம். கீறல் விழும், அதைத் தடுக்க முடியாது. முனையிலே நெகிழ்ந்து கொடுப்பவர் ஒருவர் இருந்தால் அது ஓடாது.

ஆகவே மூன்று வேண்டுகோள்களோடு முடித்துக்கொள்கின்றோம். முதலாவது: ஆச்சியிடமும் அப்புவிடமும் கொல்லரிடமும் மேசனிடமும் வழங்கும் சொற்களைக் கேட்டு எழுதி வைப்போம். சொல் போனால் அந்தச் சொல்லுக்குள் இருந்த அறிவும் போய்விடும். இரண்டாவது: இளைஞர்களே, வாரத்துக்கு ஒரு முறையாவது ஒரு முதியவர் வீட்டுத் திண்ணையிலோ, ஒரு நண்பன் பக்கத்திலோ போய் இருப்போம். ‘எனக்கொண்டுமில்லை’ என்ற விடையோடு எழுந்து வந்துவிடாமல் இன்னும் சற்றுநேரம் இருப்போம். ஊறவும் அவியவும் உலரவும் நெல்லுக்கே நேரம் வேண்டியிருக்கின்றது. மூன்றாவது: பெரியோர்களே, எங்களைக் கல்லாகுக என்று வாழ்த்தாதீர்கள். கொல்லர் பதம்பார்த்த கத்தியைப்போல, கூர்மையும் இருக்கட்டும், நொறுங்காமலும் இருக்கட்டும் என்று வாழ்த்துங்கள்.

 சங்கம் வளர்க! தமிழ் வாழ்க!